மை காயும் முன்

தாளின் அடியில் நான்தான்
பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தேன்.
இங்கே வைம்மா.

பூங்காவனம், நாற்பத்தொன்று,
கொள்ளிடக் கரை, இருளர்.
சாதிச் சான்று இல்லையென்பதை
தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில்
மூன்று மேசைகள் எழுதிக்கொண்டன.

கர்ப்பப்பையை எடுக்கப்போவது
புருஷனுக்குத் தெரியும்.
மருமகனுக்குத் தெரியும்.
கேட்டருகே பீடி பிடித்த வேன் டிரைவருக்கும்.
அவளிடம் ‘கட்டி’ என்றிருந்தோம்.
சொன்னால் ஓடிவிடுவாள் என்றார் டாக்டர்.
தலையாட்டியவள் நான்.

மை ஏறிய விரலைத்
தாளுக்கு மேலே நிறுத்திக் கேட்டாள்:

“அறுப்பு முடிஞ்ச வயல்ல
வரப்பைப் பாத்தாப் போதும் எனக்கு.
எலி உள்ள இருக்கா, போயிடுச்சா,
எத்தினி குட்டி,
மறுவாய் எந்தப் பக்கம்,
புதுமண்ணே சொல்லிடும்.
என் வயித்துல இருக்கிறத
எனக்குச் சொல்ல மாட்டீங்களா?”

பக்கத்துப் படுக்கைக்காரி
ஆரஞ்சு உரிப்பதை நிறுத்தினாள்.

பதினாறு வருடமாக
சம்மதம் என்ற சொல்லை
விரல் என்றே வாசித்திருக்கிறேன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.
புற்று, என்றேன்.
பாம்பா, என்று கேட்டு
லேசாகச் சிரித்தாள்.
முழுசாய் மறுக்க முடியவில்லை.

எதை அறுப்பார்கள், எதை விடுவார்கள்,
அறுக்காவிட்டால் என்ன ஆகும்,
எத்தனை நாள் என்பது மட்டும்
எனக்குத் தெரியாதென்பது
எல்லாம் சொன்னேன்.
நடுவில் ஒருமுறை
என் குரல்தான் போயிற்று.

“நாளைக்குச் சொல்றேன் சிஸ்டர்.”
முந்தானையில் மையைத் துடைத்தாள்.

ரவுண்ட்ஸ் வரும் செருப்புச் சத்தம்.
நான் ரப்பர் தேடிக்கொண்டிருந்தேன்,
அந்தப் பென்சில் குறியை அழிக்க.