குளிர்காலச் சரக்கு

நார்வே ஆர்டருக்கு வந்த பொம்மைத் தலைக்கு
உருண்டையன் என்று பெயர் வைத்தோம்.
கம்பளிக் குல்லாய் அவனுக்குக் கச்சிதம்.
எனக்குப் போட்டால் புருவம் தாண்டி
கண்ணைக் கட்டுகிறது.
"ஏனுங்க்கா, இது உங்க மண்டைக்கு ஆகாதுங்"
பேக்கிங் செந்தூரான் சிரித்தான்.

பதினோரு நாள் தும்மலுக்கு அப்புறம்
அவிநாசி ரோட்டில் ஸ்கேன்.
தோலில்லாத என்னை அன்றுதான் பார்த்தேன்.

டாக்டர் பூங்கோதை பேனா முனையால்
மூக்கெலும்பின் ஓரமாய்ச் சுற்றினார்.
"வாசல் அகலம். வெயில் ஊர் மூக்கு.
பனி ஊரில் இது ஒடுங்கி, உயர்ந்து,
நீண்ட நடையாகிவிடும்.
உறைந்த காற்று நெஞ்சுக்குப் போகுமுன்
சுவரில் உரசிச் சூடேற வேண்டுமே.
ஓராள் ஆயுசில் நடப்பதில்லை,
நூறு நூறு தலைமுறை."

"எனக்கு அந்த வேலை இல்லீங்களா?"
"உங்களுக்குக் காத்தே சூடாத்தானே வருது!"

கன்னத்துக்கு உள்ளே
சாம்பலாய் ஏதோ அடைத்திருந்தது.
சளி என்றார்; பஞ்சுத் தூசு
தொடங்கி வைத்ததாம்.
எனக்குத் தெரிந்துபோயிற்று,
அக்டோபர் ஷிப்மென்ட்.

திங்கட்கிழமை, சித்திரை வெயில்,
தகரக் கூரை.
உருண்டையன் தலையில் குல்லாயை மாட்டி
காது மூட இழுத்துவிட்டேன்.
ஒடுங்கின, உயர்ந்த, அழகான மூக்கு.
குனிந்து பார்த்தேன்.
செய்தவன்
துளையே போடவில்லை.