ஆறு மில்லிமீற்றர்

ஸ்டான்லி வீதிக் கடையில்
ஆறு மில்லிமீற்றர் கம்பியைக்
கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுப்பவன் நான்.
கையாலே வளையும்.
தூணுக்குள்ளே வளையம் கட்டத்தான் உதவும்,
தூணைத் தாங்காது.

வர்த்தகர் சங்கம் வைத்த இலவச முகாமுக்கு
ஒரு நோவும் இல்லாமல் போனேன்.
சும்மாதானே, பார்த்தால் என்ன.
கழுத்தில் குளிர்ந்த பசை பூசி
உருட்டிக்கொண்டிருந்த பிள்ளையின் கை
ஓரிடத்தில் நின்றது.
விலகிப் போய்த்
திரும்பவும் அங்கேயே வந்து நின்றது.

"பெரிசா ஒண்டுமில்லை ஐயா,
ஆறு மில்லிமீற்றர்."

அன்றிரவிலிருந்து
எச்சில் விழுங்கவும் யோசிக்க வேண்டியிருந்தது.
நான் நித்திரை என்று நினைத்து மனுசி
ரோச் அடித்து என் கழுத்தைப் பார்த்தாள்.

தெல்லிப்பழைக்குத் துண்டு எழுதித் தந்தார்கள்.
பஸ்ஸில் கண்டவர்களுக்கு
துர்க்கையம்மனுக்கு அர்ச்சனை என்றேன்.
"இண்டைக்குப் புதன் எல்லோ" என்றார் ஒருவர்.

ஊசி குத்தி எடுத்ததற்கு முடிவு வரப்
பதினேழு நாள்.
அதற்குள்
மகளுக்குப் பேசிவந்த உரும்பிராய்ப் பகுதி
குறிப்பைத் திருப்பி அனுப்பியது.
பொருத்தம் குறைவாம்.
ஆவணியில் பார்த்தபோது எட்டு இருந்தது.

பதினேழாம் நாள்
ஒன்றுமில்லை என்றார்கள்.
அந்த ஒன்றுமில்லாததை
ஆறு மாதத்துக்கு ஒருக்கா
கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள்.

வெளியே வரும் வழியில் மேசை போட்டிருந்த தாதி,
எல்லாரிட்டையும் கேக்கிறதுதான் என்று
தாளை எடுத்தாள்.
கடந்த இரண்டு கிழமையில் நித்திரை குழம்பியதா?
ஓம்.
பசி?
இல்லை.
எதிலும் மனம் பற்றாமல் இருந்ததா?
பிள்ளை, நீங்கள்தானே என்று தொடங்கி
ஓம் என்று முடித்தேன்.
கூட்டினாள். பதினாலு.
பதினாலுக்கும் ஒரு துண்டு வைத்திருந்தாள்,
வேறு நிறத்தில்.
காரணம் எழுத அதில் இடம் விடவில்லை.

அதே முகாமில் எனக்கு முன்னால் நின்ற
மரக்காலை யேசுரட்ணத்துக்கு
நேரத்தோடு கண்டு வெட்டி எடுத்தாயிற்று.
இப்போது வெள்ளனவே வந்து
வாளை ஓட்டுகிறார், வீதி முழுக்கக் கேட்கிறது.
அவர் மனைவி
அந்த மெஷினுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துவாள்.
அதனால் எனக்குத் திட்ட வாய் வரவில்லை.
திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

நேற்று ஒரு மேசன் வந்து
ஆறு மில்லிமீற்றர் இருக்கோ என்றான்.
என் கை கழுத்துக்குப் போனது.
எத்தனை கிலோ என்று கேட்கக்
கொஞ்ச நேரம் எடுத்தது.