வருமான அத்தாட்சி

காலி வீதிக் கிளையில் என் இலக்கம் நாற்பத்தேழு.
கூப்பிடும்வரை
தலைக்கு மேலிருந்த ஏசியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
மூச்சு வாங்கிற்று.
கேஸ் குறைவில்லை, விசிறியின் புஷ் தேய்ந்திருக்கிறது,
இன்னும் இரண்டு கிழமை தாங்கும்.
இப்படிச் சுவருக்குக் காது வைத்தே
பதினொரு வருஷம் சோறு தின்கிறேன்
வெள்ளவத்தையில், மாடி மாடியாக.

"சம்பளச் சீட்டு?"
இல்லை மிஸ்.
"ஈ.பி.எஃப்?"
இல்லை மிஸ்.
"கடை பதிவு செய்ததோ?"
கடை என்றால் இந்தப் பைதான், மிஸ்.
ஸ்பானர், கேஜ், வயர், ஒரு பழைய சாரம்.
ஏணி வெளியே, மோட்டார் சைக்கிளில்.

மிஸ் பஸ்மிலா கெட்டவ இல்லை.
பேனை மூடியைக் கடித்தபடி
எனக்கு ஒரு வழி தேடிக்கொண்டுதான் இருந்தா.
"ஆறு மாதம் கணக்கில காசைப் போட்டு எடுங்கோ.
அரசாங்க உத்தியோகத்தர் ரெண்டு பேர் பிணை நிக்க வேணும்."
எனக்குத் தெரிந்த அரசாங்க உத்தியோகத்தர்
தண்ணி மீட்டர் பார்க்க வருகிறவர்.
அவரைக் கண்டால் எமல்டா
கதவைச் சாத்திவிட்டு வீட்டில் ஆளில்லை என்பாள்.

"தொண்ணூறிலிருந்து இருபத்திரண்டு வருஷம்
விலாசம் வெறுமையா இருக்கே?"
வெறுமையில்லை மிஸ்.
மன்னாரிலிருந்து ஒரு ராத்திரி வள்ளம்,
பிறகு திருச்சிப் பக்கம் முகாம்,
பத்துக்குப் பன்னிரண்டில் ஏழு பேர்.
சனிக்கிழமைகளில் தலை எண்ணுவார்கள்.
ஒருமுறைகூட நான் எண்ணிக்கையில் குறைந்ததில்லை.
அதற்கு ஒரு கடிதம் கிடைத்தால் செல்லுமா?

அவ கீழே குனிந்து ஏதோ எழுதினா.
"காணி எங்க?"
கொஸ்கமவில். எட்டுப் பேர்ச்.
ரப்பர் தோட்டம் முடிகிற இடம், ஒரு பலா நிற்கிறது.
போன கிழமை அவிசாவளை பஸ்ஸில் போனோம்.
எமல்டா செருப்பைக் கழற்றிவிட்டு
குச்சியால் குசினிக்குக் கோடு போட்டாள்.
அன்றைக்கே மழை.

"பாதை பத்தடி இருக்க வேணும். இருக்குதோ?"
ஒன்பதடி இரண்டு அங்குலம்.
மறுபடியும் அளந்தேன், டேப்பைக் கொஞ்சம் தளரவிட்டு.
ஒன்பதடி மூன்று.
இதை நான் சொல்லவில்லை.
"இருக்கும் மிஸ்" என்றேன்.

எழும்பப் பார்க்க, ஏசி நின்றது.
இரண்டு கிழமை என்றேனே, என் கணக்கும் பிழை.
மானேஜர் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து
கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு வந்தார்.
கம்பனிக்காரனுக்கு நாளைக்குத்தான் வசதியாம்.
வரிசையில் நின்ற ஒருவர் கடவுச்சீட்டால் விசிறினார்.
நான் ஏணியைக் கொண்டுவந்தேன்.

நாற்பது நிமிஷம்.
மேலேயிருந்து பார்த்தால்
வங்கி என்பது நிறைய வழுக்கைத் தலைகள்.

மூவாயிரத்தைந்நூறு, காசாக.
வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டேன்:
"ரசீது ஒண்டு தாங்கோ சேர்,
உங்கட தாளில, முத்திரை குத்தி."
எல்லோரும் சிரித்தார்கள்.
மிஸ் பஸ்மிலா சிரிக்கவில்லை.
தானே தட்டச்சு செய்து, முத்திரையை
மேசை அதிரக் குத்தித் தந்தா.

வீட்டு வாசல் லைட்டில்தான் வாசித்தேன்.
திரு. கலிஸ்டன் அவர்களுக்கு.
அடையாள அட்டையில் நான் கலிஸ்டஸ்.
முகாம் அட்டையில்
எழுதினவருக்கு அந்தப் பெயர் வாயில் வராமல்
காளிதாஸ்.

எமல்டா மூன்றையும் மேசையில் பரப்பினாள்.
"மூண்டு ஆம்பிளையள் உழைக்கிற வீடு,
ஒரு லோன் எடுக்க ஏலாதோ?" என்றாள்.
பிறகு சிரிப்பு அடங்கி
ரசீதைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாள்,
மடியாமல்.

நாளைக்குப் போய்ப் பெயரைத் திருத்தச் சொல்ல வேணும்.
காலமை ஏலாது.
தெஹிவளையில் ஒரு பிரிட்ஜ்,
மீன் பழுதாகிறதாம்.