மாதிரிப் பிரதி

ஏப்ரல் கடைசியில் வருவார்கள்,
சக்கரம் வைத்த பெட்டியோடு.
பெட்டி முழுக்கப் புத்தகம். ஒவ்வொன்றின் நெற்றியிலும்
ஊதா மையில் ஒரு முத்திரை:
மாதிரி, விற்பனைக்கல்ல.

சோமனூரில் எங்கள் பள்ளிக்கும் தறிக்குடோனுக்கும்
ஒரே சுவர்.
கரெண்ட் போனால்தான்
எங்கள் குரல் எங்களுக்குக் கேட்கும்.
எல்.கே.ஜி.யில் முப்பத்தொரு பேர், ஜூனில் யூ.கே.ஜி.
அவர்களுக்கு ஒரு இங்கிலீஷ் புத்தகம் சொல்ல வேண்டும்
திங்கட்கிழமைக்குள்.

முதல் புத்தகம் வழவழவென்று,
ஈ உட்கார்ந்தால் வழுக்கும்.
அதில் ஒரு வீடு, கூரையெல்லாம் பனி,
வாசலில் கேரட் மூக்கோடு ஒரு வெள்ளை ஆள்.
என்ன இது என்றேன்.
மிதுனேஸ்வரன் யோசிக்கவே இல்லை:
"வேஸ்ட் பஞ்சுங் மிஸ்."
சொன்னதில் பாதி இங்கிலீஷ்தான், மார்க் போடலாம்.
"பஞ்சுக்கு மூக்கு எதுக்குங் மிஸ்?"
அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

விலை நானூற்றி இருபது.
கூடவே பயிற்சி ஏடு, சுவர்ப்படம்,
போனைக் காட்டினால் பாடும் கட்டங்கள்,
எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம்.
ஏஜெண்ட் கடிகாரத்தைத்தான் முதலில் எடுத்து வைத்தார்.

இரண்டாவதில் ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில்
தமிழில் அர்த்தம், பொடி எழுத்தில்.
நைட் ஷிப்ட் முடிந்து வரும் அப்பன்
விரல் வைத்துச் சொல்லித் தரலாம்.
இதையே எழுதிவிடுவோமென்று பேனாவைத் திறந்தேன்.
கடைசி வரிசையில் லிப்சா.
ஒடிசாவிலிருந்து வந்து எட்டு மாதம்.
அவளுக்கு ஆங்கிலத்தின் அடியில் இருப்பதும்
இன்னொரு ஆங்கிலம்.
பேனாவை மூடினேன்.

மூன்றாவது ஒல்லி.
சிவப்பு மை கோட்டைத் தாண்டி வழிந்திருந்தது.
ஆடு நாய் மாதிரி இருந்தது.
ஏழாம் பக்கத்தில் சாத்திய ஒரு கதவு,
கீழே ஒரே கேள்வி:
கதவுக்குப் பின்னால் என்ன?

ஆங்கிலத்தில் கேட்டேன். கேட்டுவிட்டு
தாள் கதவை விரலால் தட்டினேன்.
ஸ்நேக் என்றார்கள். டாக் என்றார்கள்.
தன்விகா தன் சித்தப்பா பேரைச் சொன்னாள்,
காரணம் சொல்லவில்லை.
எட்டு மாதத்தில் 'யெஸ் மிஸ்' தவிர எதுவும் சொல்லாத லிப்சா
"லூம்" என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அதுதானே ஓடிக்கொண்டிருந்தது.
ஆமாங் மிஸ், லூமு, லூமு
என்று முப்பது தலை ஆடியது.
பக்கத்தைத் திருப்பினேன். ஒரு கேக் இருந்தது.
ஒருத்தரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

எல் என்றால் லயன், மூன்று புத்தகத்திலும்.
சிங்கத்தின் மேல் எனக்குப் புகார் இல்லை.
ஆனால் கோன், பீம், பாபின், பவர் கட் என்று
இந்த வாய்களில் ஏற்கனவே குடியிருக்கிற சொற்களுக்கு
ஒரு ரேஷன் கார்டு கொடுக்க
எந்தப் புத்தகமும் பக்கம் ஒதுக்கவில்லை.

திங்கட்கிழமை கரெண்ட் இல்லை.
கரெஸ்பாண்டெண்ட் ராக்கியண்ணன் மூன்றாவதைப் புரட்டினார்.
"ஏனுங் டீச்சர், ஆடு நாயாட்ட இருக்குதே?"
"ஆடு தெரிஞ்ச புள்ளைங்க சார்,
புஸ்தகத்தைத் திருத்திக்குவாங்க."
"பின்னு ரெண்டே ரெண்டு. பத்து நாள் தாங்குமா?"
"தாங்காதுங்க."
அதே புத்தகத்தால் விசிறிக்கொண்டு யோசித்தார்.
"நூத்திப்பத்து ரூபாதானே" என்றார் கடைசியில்.
அவர் கணக்கு அவருக்கு.

ஏஜெண்ட் கடிகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.
செல் போட்டே கொண்டு வந்திருக்கிறார்;
தறி நின்ற அமைதியில்
பெட்டிக்குள் அது ஓடுவது கேட்டது, கேட் வரைக்கும்.

மிதுனேஸ்வரன் அப்பாவிடம் ஒரு கோன் நூல் கேட்டிருக்கிறேன்.
கோணி ஊசி என்னிடம் இருக்கிறது.
மாதிரிப் பிரதியைத் தைத்துப் பார்த்தேன்:
ஏழாம் பக்கம் இப்போது
கதவு மாதிரியே திறக்கிறது,
கொஞ்சம் இழுக்கணும்.