களியக்காவிளை, அதிகாலை 2.40

மஸ்கட்டுக்கு மூன்றரை மணி நேரம்.
திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு,
இதோ, களியக்காவிளையிலேயே ஒரு மணி நேரமாக நிற்கிறேன்.
கோழி லாரிகளை வரிசையாக நிறுத்திப்
பறவைக் காய்ச்சலுக்கு மருந்தடிக்கிறார்கள்.
நனைந்த இறகொன்று வந்து
எங்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

டார்வின் வண்டியை அணைத்துவிட்டுக்
கணக்குப் போடுகிறான்:
"ரோட்டுல போனா எத்தனை நாளு, அக்கா?"
வழியில்லை என்கிறேன்.
பாகிஸ்தான், ஈரான், அப்புறம் கொஞ்சம் கடல்.
"கடலுக்கு ஜங்கார் இருக்குல்லா.
பெர்மிட்டுதான் எவ்வளவு வரும்?"

என் பையில் டயாலிசிஸ் இயந்திரத்தின்
இரண்டு வால்வுகள், பழைய சுடிதாரில் சுற்றி.
நிஸ்வாவில் யாரோ அதற்குக் காத்திருக்கிறார்.
அலுவலகப் படிவத்தில் 'பயண முறை' என்றொரு கட்டம்;
பதினோரு தடவையும் 'வான்வழி' என்றே எழுதினேன்.
இந்த நாற்பது கிலோமீட்டரை எழுத அதில் இடமில்லை.

மேலே
எந்த இடத்தில் நாடு முடிகிறதென்று
ஒருமுறையும் பார்த்ததில்லை.
தூங்கிப்போயிருப்பேன்,
இல்லை, உப்புமா டப்பாவின் மூடியோடு
மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன்.
இங்கே தெரிகிறது.
பேருந்துப் பலகையில் எழுத்துகள் உருண்டையாகின்றன.
டார்வின் போலீஸ்காரரை "சாரே" என்கிறான்,
குரலைக் கொஞ்சம் தாழ்த்தி.

தடுப்பு உயர்ந்தது.
பாறசாலை தாண்டியும் அவன் விடவில்லை:
"முப்பது நாளுன்னு வச்சுக்கிடுங்க.
டீசல் கம்பெனி தரும்னா
நான் ரெடி."

பாலராமபுரம் வரை ஒட்டியிருந்தது இறகு.
காய்ந்ததும் போயிருக்கும்.
எங்கே என்று
நான் பார்க்கவில்லை.