நூறுக்கு மேல் எண் இல்லை

அரிசி ஆலையிலிருந்து ஒரு மானிட்டர் வந்தது,
நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடந்ததால்
முக்கால் மணி நேரம் தாமதமாக.
தூக்கிவந்தவர் கணக்கர் உப்பிலி.
"படம் வருது. ஆனா ராத்திரியாவே வருது" என்றார்.

மெனுவைத் திறந்தேன். வெளிச்சம்: நூறு.
யாரோ ஏற்றி ஏற்றி வந்திருக்கிறார்கள்.
முதல் வருஷக் குறுவைக்கு நாற்பது இருந்திருக்கும்,
ஏதோ ஒரு தாளடிக்கு ஐம்பத்தைந்து,
பிறகு எண்பது, தொண்ணூற்றைந்து.
அழுத்தி அழுத்தி பட்டனில் குறியே தேய்ந்துவிட்டது.
நூறுக்கு மேல் எண் இல்லை.

பின்னொளி, குண்டு பல்பு மாதிரி
பட்டென்று போய்விடாது.
ஐம்பதாயிரம் மணி என்று அட்டையில் போடுவார்கள்.
பாதியாக ஆகிற நேரம் அது.
பாதிக்குப் பிறகும் எரிந்துகொண்டுதான் இருக்கும்.
கண்ணும் கூடவே இறங்கிவரும்,
மேட்டூரை மூடிய பிறகு
வாய்க்கால் வற்றுவது
கரையில் குடியிருப்பவனுக்குத் தெரியாத மாதிரி.

இந்த மானிட்டர் ஆறு வருஷமாய் அணைந்ததே இல்லை.
கணக்குப் போட்டேன்: ஐம்பத்திரண்டாயிரத்துச் சொச்சம்.
நெல் அவிக்கும் தொட்டிக்கு அடுத்த அறை, சூடு வேறு.
கழற்றினேன்.
பட்டியில் முப்பத்தாறு முத்து, எல்லாம் உயிரோடு.
பின்னால் இருந்த வெள்ளைத் தாள்
டீ வடிகட்டி நிறத்தில்.

புதுப் பட்டி ஒட்டி, பொழுது சாய்ந்து
ஆலைக்கே எடுத்துப்போய் மாட்டினேன்.
பதினாறு சதுரம்.
பதினோராவதன் மேல், கண்ணாடியிலேயே,
ஒரு துண்டு பிளாஸ்டர். பேனாவில்:
கேமரா செத்தது.

சாகவில்லை அது.
வெண்ணாற்றுப் பக்கத்து மதில் தெரிந்தது,
உமிமேடு, இரும்புக் கதவு,
கதவுக்கு அடியில் ஒரு மூட்டை நுழையும் அளவு பள்ளம்,
பள்ளத்தோரம் சிந்திய நெல்.
உப்பிலி குனிந்து பார்த்தார். நிமிர நேரமாயிற்று.

அப்புறம்தான் வீரையன் என்ற பெயரைச் சொன்னார்.
போன மாசியில் நாற்பது மூட்டை குறைந்தது.
"அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியலைங்க, ஒரே இருட்டு"
என்றாராம் இரவு வாட்ச்மேன்.
தெரிந்ததைத்தான் சொல்லியிருக்கிறார்.
மூன்றாம் நாள் கணக்கு முடித்து அனுப்பினார்கள்.

"ரெக்கார்டு இருக்குமே?"
இருந்தது. அது மங்குவதில்லை.
பெட்டிக்குள் அந்த இரவு பளிச்சென்று பதிந்திருக்கும்.
"போட்டுப் பார்க்கலையா நீங்க?"
பார்த்தார்களாம். இதே திரையில்.
பதினைந்து நாளுக்கு ஒரு தரம்
பெட்டி தன் மேலேயே எழுதிக்கொள்ளும்.
மாசி போய் இப்போது ஆடி.
பத்து உழவு ஆகிவிட்டது.

வீரையன் திருப்பூர்ப் பக்கம்
ஏதோ பனியன் கம்பெனி கேட்டில் இருக்கிறாராம்.
நம்பர் கேட்டேன். யாரிடமும் இல்லை.

வெளிச்சத்தை அறுபதில் வைத்தேன்.
"ஏத்தி விடுங்கண்ணே" என்றான் புது வாட்ச்மேன்.
மீதி நாற்பது இருக்கட்டும் என்றேன்.
பில்லில்: பின்னொளி மாற்றம், ஆயிரத்து நானூறு.
உப்பிலி பேரம் பேசவில்லை.
நகத்தால் பிளாஸ்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போதும் கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் வண்டி, நெல்.
வண்டியை அணைத்துவிட்டுச் செல்போனை எடுத்து
வெளிச்சக் கோட்டை வலப்புறம் தள்ளிப் பார்த்தேன்.
நகரவில்லை.
ஏற்கெனவே ஓரத்தில்தான் இருந்தது.