ஒன்பதாவது வளைவின் கதவு

ஏற்காடு மலைப்பாதையில்
ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில்
சுவரை உரசிக்கொண்டு வந்த பொலீரோவின்
இடது பின்கதவு
எங்கள் பள்ளிக்கு வந்தது.
காபித் தோட்டக்காரர் ஒருவருடையது.
"பசங்க பழகட்டும், கெட்டாலும் பரவாயில்ல" என்றார்.
பரவாயில்லை என்ற சொல்லை
இவர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள்.

சீலநாயக்கன்பட்டிப் பட்டறையில்
பதினோரு வருடம் லாரி கேபினுக்குப் பட்டி இழுத்தவள் நான்.
செவ்வாயும் வெள்ளியும் இங்கே சம்பளம்.
முதல் நாளே எனக்குத் தெரிந்துபோனது:
கம்ப்ரஸரை ஓட்டும் முன் சொல்ல வேண்டும்.
சொன்ன பிறகு பத்து எண்ண வேண்டும்.
ஏழிலேயே சுவிட்சைத் தொட்டால் லோகமித்ரன்
காதைப் பொத்திக்கொண்டு
தண்ணீர்த் தொட்டி வரை ஓடுவான்.

அஃப்ரீனுக்குக் காது கேட்காது.
நான் வெளியே தட்ட
உள்பக்கம் டாலியைப் பிடித்திருப்பாள்.
தகடு இறங்கியதும் புருவத்தை உயர்த்துவாள்.
சில நாள் என்மேல் கோபம்,
இறங்கினாலும் உயர்த்த மாட்டாள்.

கார்மேகத்தின் கை அவன் பேச்சைக் கேட்காது.
உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி
மணிக்கட்டோடு துணி போட்டுக் கட்டிவிட்டோம்.
எண்பது, நூற்றிருபது, நானூறு.
பட்டி தேயத் தேய
மூவரும் வெள்ளைக்கல் லாரியிலிருந்து
இப்போதுதான் இறங்கியவர்கள் போல் நிற்பார்கள்.

நான்கு வாரத்தில் கதவு ஓரளவு கதவானது.
ப்ரைமர் அடித்து விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்
கைப்பிடிக்குக் கீழே ஓர் அலை.
இரண்டு விரல் அகலம்.
கார்மேகம் தேய்த்த பக்கம்.

அந்தச் செவ்வாய் மாலை நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.
எல்லோரும் வேனில் போன பிறகு
அலையில் பட்டி இழுத்தேன், காயவிட்டேன்,
தேய்த்தேன், மேலே ப்ரைமர்.
ஒரு மணி நேரம்கூட இல்லை.
தடவினால் விரல் எங்கும் நிற்கவில்லை.
ஏதோ புண்ணியம் செய்துவிட்டதாக
ஐந்து ரோட்டில் இறங்கி
தட்டுவடை செட் இரண்டு தின்றேன்.

வெள்ளிக்கிழமை
லோகமித்ரன் கதவைத் தடவினான்.
மறுபடி தடவினான்.
"இது நம்ம கதவு இல்ல."
இருபது முறையாவது சொன்னான்.
அஃப்ரீன் என்னைப் பார்த்தாள், புருவம் அசையவில்லை.
கார்மேகம் ஒன்றும் சொல்லாமல்
மணிக்கட்டுத் துணியைப்
பல்லால் அவிழ்க்கத் தொடங்கினான்.

மன்னிப்புக்கு அஃப்ரீனின் மொழியில்
என்ன சைகை என்று அதுவரை நான் கேட்டுவைத்ததில்லை.
எண்பதாம் நம்பர் தாளை எடுத்தேன்.
என் பட்டியை நானே தேய்த்தேன்,
தகடு தெரியும்வரை.
லோகமித்ரன் எண்ணிக்கொண்டிருந்தான்.
இருநூற்றுப் பதினான்கில் "போதும்" என்றான்.
கட்டையைக் கார்மேகத்திடம் நீட்டினேன்.
உடனே வாங்கவில்லை அவன்.

மாத முடிவில் தோட்டக்காரர் வந்தார்.
கதவை வெயிலில் சாய்த்து, குனிந்து, தடவினார்.
கைப்பிடிக்குக் கீழே விரல் நின்றது.
"இங்க மட்டும் கொஞ்சம்..."

கார்மேகத்தின் வாய் திறந்தது.
அவன் சொல் வந்து சேர்வதற்குள்
ஓமலூர் ரோட்டில் இரண்டு பஸ் போய்விடும்.
நாக்கைக் கடித்துக்கொண்டேன் நான்.
"அது...
நான்."

அவர் தலையசைத்தாரா
சும்மா கழுத்தைத் திருப்பினாரா, தெரியவில்லை.
பேசிய கூலியில் நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்.

நூறு குறையுது, நூறு குறையுது என்று
வேன் ஏறும்வரை
சொல்லிக்கொண்டே போனான் லோகமித்ரன்.